தண்ணி நிக்குதுங்க மச்சான்

ஒரு நாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "மாப்ள" என்றே கூப்பிட்ட என் மச்சானுக்கு,

எனக்குப் பயமாக இருக்கிறது. நலமா என்று கேட்டுத் தொடங்க முடியாத கடிதம் இது. அதனால் உள்ளதைச் சொல்லித் தொடங்குகிறேன். காலையில் பல்லடம் பஸ் வந்தாலும் ஏறாமல், அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று நிற்கிறேன். கம்பெனி கேட்டைத் தாண்டும்போது உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டே உள்ளே போகிறேன்.

உங்களுக்கு மட்டும் என்று எழுதினால் மடித்து எங்கேயாவது ஒளித்துவைத்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் அச்சேறட்டும் என்று எழுதுகிறேன். அவர்களுக்கு உங்களைத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையே உங்களிடம் சொல்வதுபோல் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் லோகநாதன். என் அக்கா கோகிலாவின் வீட்டுக்காரர். நிவேதாவின் அப்பா. பல்லடம் தாண்டி, கோழிப்பண்ணைகளுக்கு நடுவே இருக்கிற சின்னக் கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டர். பத்தாவதோடு படிப்பை விட்டவர். ஆனால் பைப்பில் காதை வைத்தால் உள்ளே என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடுவீர்கள். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு பனியன் கம்பெனிகளில் அலைந்துகொண்டிருந்தபோது, "லேப்ல ஆள் வேணுமாமா மாப்ள, வந்து பாரு" என்று கூட்டிக்கொண்டு போனவர் நீங்கள்தான். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து வீடு. உங்கள் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்தே நான் ஆறு வருடம் வேலைக்குப் போய்வந்தேன்.

சாயப்பொடி செய்கிறவர்களுக்கு ஒரு மூலப்பொருள் செய்து அனுப்புவதுதான் நம் கம்பெனியின் தொழில். முன்பெல்லாம் அதற்கு இரும்புத்தூளையும் ஆசிட்டையும் போட்டுக் கொதிக்கவிடுவோம். சரக்கு கிடைக்கும். சரக்கைவிட அதிகமாகக் கருஞ்சிவப்பு மண் மிஞ்சும். அந்த மண்ணை மண்வெட்டியால் வாரி மூட்டை கட்டிக் கொல்லைப்புறத்தில் அடுக்கியவர் நீங்கள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் உங்கள் நகக்கண்ணில் அந்தத் துருவின் நிறம் போனதில்லை.

ஒரு மழைக்காலத்தில் பக்கத்துத் தோட்டத்தம்மா ஒரு சொம்பைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைத்தார். அவர் கிணற்றுத் தண்ணீர். டீ மாதிரி இருந்தது.

"ஏனுங்க, இதை நீங்க குடிப்பீங்ளா?" என்று மட்டும் கேட்டார். சத்தம் போடவில்லை.

அன்றைக்கு நீங்கள் சோற்றுப் போசியைத் திறக்கவே இல்லை. வீடு வந்ததும், "அந்த மூட்டையெல்லாம் நான் அடுக்குனது மாப்ள" என்றீர்கள்.

அப்புறம்தான் நிக்கல் வந்தது. புத்தகத்தில் அதைத் திட வினையூக்கி என்பார்கள். நாம் கேட்டலிஸ்ட் என்போம். சாம்பல் கறுப்பில், பார்க்கச் சேறு மாதிரி இருக்கும் உலோகத்தூள். கனமான ஸ்டீல் பாத்திரத்துக்குள் ஹைட்ரஜனை அழுத்தி ஏற்றினால் இந்தத் தூள் வினையை நடத்திக்கொடுத்துவிட்டு, தான் கரையாமல் அப்படியே நிற்கும். வடிகட்டிக் கழுவி அடுத்த தடவைக்குத் திரும்பப் போடலாம். மிஞ்சுவது வெறும் தண்ணீர். ஆசிட் இல்லை, மண் இல்லை, மூட்டை இல்லை.

நீங்கள் அதைக் கொண்டாடினீர்கள். "வேலைய முடிச்சுட்டுப் போன மாதிரியே திரும்பி வருது பாரு. இப்பேர்ப்பட்ட வேலையாள் எந்தக் கம்பெனிக்குக் கெடைக்கும்?" என்று எல்லாரிடமும் சொன்னீர்கள். உங்கள் நகக்கண் வெளுத்தது. அக்கா அதைப் பார்த்துச் சிரித்தாள்.

அதற்கு ஒரே ஒரு நிபந்தனை. அந்தத் தூள் காயக்கூடாது. எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கவேண்டும். காய்ந்து காற்றுப் பட்டால் தீக்குச்சி இல்லாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். அதை விற்ற ஆள் முதல் நாள் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் வைத்து வெயிலில் காட்டினார். ஈரம் போனதும் தூள் பொறிப்பொறியாகச் சிவந்து காகிதத்தைத் தின்றது. நான் இரண்டு அடி பின்னால் போனேன். நீங்கள் குனிந்து, "இன்னொருக்கா காட்டுங்க" என்று கேட்டீர்கள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன் மச்சான். எழுத்து கோணினால் அச்சில் தெரியாது, அது ஒன்றுதான் ஆறுதல்.

வடிகட்டும் பாத்திரத்தின் மூடி முன்பக்கம் மேலே, படியேறித் திறக்கவேண்டும். உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் பின்பக்கம், கீழே. அதனால் இது இரண்டு பேர் வேலை. பின்னால் நிற்கிறவன் பார்த்துச் சொல்லவேண்டும், மேலே நிற்கிறவர் திறக்கவேண்டும். எப்போதும் பார்த்துச் சொல்கிறவன் நான்.

காலையில் தூளை மெத்தனால் என்கிற எரிசாராயத்தில் கழுவி, மேலே தண்ணீர் நிரப்பி வைத்தோம். நான் பார்த்தேன். குழாயில் பாதிக்குமேல் நின்றது. அப்புறம் சாப்பிடப் போனோம். கீழ் வால்வு முழுதாக மூடவில்லை என்பதும், நாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தண்ணீர் கசிந்து போய்க்கொண்டிருந்தது என்பதும் நமக்குத் தெரியாது.

சாப்பிட்டு வந்ததும் நீங்கள் படியேறினீர்கள். அந்த நேரம் பார்த்து என் செல்போன் அடித்தது. சோமனூரில் நாம் பார்த்துவிட்டு வந்த பெண் வீட்டிலிருந்து தரகர் பேசினார். அவர்களுக்குச் சம்மதமாம். எனக்குக் காது அடைத்துப்போகிற சந்தோஷம். ஜன்னலோரம், சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். உங்களிடம் சொல்லவேண்டும் என்று திரும்பினேன்.

அப்போதுதான் நீங்கள் கேட்டீர்கள். "தண்ணி நிக்குதா மாப்ள?"

"நிக்குதுங்க மச்சான்."

நான் பார்க்கவில்லை. காலையில் பார்த்ததை வைத்துச் சொன்னேன். குழாய் இருந்த இடம் எட்டு அடி தூரம். நடந்து போய்ப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? போனை வைத்துவிட்டுப் பதில் சொல்லியிருக்கக்கூடாதா? இந்தக் கேள்வியை என்னை நானே எத்தனை தடவை கேட்டுவிட்டேன் என்று எனக்கே தெரியாது.

நீங்கள் மூடியைத் திறந்தீர்கள். "புஸ்" என்று ஒரு சத்தம். காற்றுப் பட்ட தூளில் கொஞ்சம் பொறி. உள்ளே தங்கியிருந்த மெத்தனால் ஆவி பற்றிக்கொண்டது. ஆனால் மத்தியான வெளிச்சத்தில் மெத்தனால் தீ கண்ணுக்குத் தெரியாது மச்சான். புகை இல்லை, சிவப்பு இல்லை. நீங்கள் நெஞ்சையும் கையையும் தட்டிக்கொண்டீர்கள். எறும்பு கடித்தால் தட்டுகிற மாதிரி. நான் முட்டாள்போலப் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களைச் சுற்றிக் காற்று மட்டும் கானல்போல அசைந்தது. சட்டை கறுத்துச் சுருங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய் நனைந்த சாக்கைப் போர்த்தினேன். நீங்கள் அலறவில்லை. "தூரப் போ மாப்ள, தூரப் போ" என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தீர்கள். விசாரிக்க வந்த தொழிற்சாலை ஆய்வாளர் உங்கள் வாயருகே குனிந்து, "எப்படிங்க நடந்துச்சு?" என்று கேட்டபோது நான் கால்மாட்டில் நின்றேன். என் பெயர் வரப்போகிறது என்று மூச்சை அடக்கிக்கொண்டேன். உங்கள் கண் ஒரு தடவை என் பக்கம் வந்தது.

"தெரியலீங்க. தொறந்தேன், பத்திக்கிச்சு" என்றீர்கள்.

நிஜமாகவே நினைவில்லையா மச்சான்? இல்லை, தெரிந்தேதான் சொன்னீர்களா? எதுவாக இருந்தாலும் எனக்குத் தாங்காது.

உங்கள் காரியம் முடிந்த மறுவாரம் மேனேஜர் என்னை ரூமுக்குக் கூப்பிட்டார். "தம்பி, நாஞ் சொல்றதக் கேளு. ஆபரேட்டர் தண்ணி மட்டம் பாக்காம தொறந்துட்டாருன்னு எழுதிக் குடுத்துரு. கம்பெனிய இழுத்து மூடீட்டா அத்தன குடும்பமும் எங்க போவும்? போனவரு பேர்ல எழுதுனா அவருக்கு இனி என்ன வந்துரப் போவுது?"

அவர் என்னை மிரட்டினார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மிரட்டவில்லை. நான் அன்றைக்கு உங்களிடம் என்ன சொன்னேன் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. பேனாவை வாங்கியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை. உங்கள்மேல் பழியை எழுதி, கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தச் செய்தி அக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டாள். "அவரு எதையும் பாக்காம செய்யறவரா கண்ணு? நீ சொல்லு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் என்று நினைத்து அவள் உள்ளே போய்விட்டாள். சோமனூர்க் கல்யாணப் பேச்சை நானே நிறுத்திவிட்டேன். அதற்கும் துக்கம் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

கொஞ்ச மாதம் கழித்துப் பிளாண்டைத் திரும்ப ஓட்டினார்கள். உங்கள் இடத்துக்கு ஒடிசாவிலிருந்து திலீப் என்று ஒருத்தர் வந்தார். என் வயதுதான் இருக்கும், நல்ல வேலைக்காரர். வடிகட்டியின் முன்னால் அவர் படியேற, பின்னால் நான் நின்றேன்.

"அண்ணா, பானி ஹை? தண்ணி இருக்கு?" என்று கேட்டார்.

குழாயைப் பார்த்தேன். தண்ணீர் நின்றது. திரும்பப் பார்த்தேன். நின்றது. விரலால் தொட்டுப் பார்த்தேன். அப்போதும் "இருக்கு" என்ற ஒரு சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. அந்தக் குழாய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

திலீப் இறங்கி வந்து தானே எட்டிப் பார்த்தார். "இருக்கு அண்ணா. ஏன் பயம்?" என்று சிரித்தார். என் தோளைத் தட்டி, "நீ சொன்னா போதும். நான் பாக்க மாட்டேன், தொறப்பேன்" என்றார்.

மச்சான், அந்தத் தீயைவிட இந்தப் பேச்சுத்தான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. இன்னொரு மனிதர் என் வாயை நம்பி மூடியைத் திறக்கத் தயாராக நிற்கிறார். ஒடிசாவில் அவருக்கும் ஒரு வீடு இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீதியில் குழாய்த் தண்ணீர் வந்தது. பத்து நாளைக்கு ஒருதரம் வருகிற தண்ணீர். அக்கா குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நின்றாள். அவள் முறை வந்தது. முதல் குடம் நிறையும்போது பக்கத்தில் போய் நின்று சொன்னேன். போன் வந்ததை, நான் பார்க்காததை, உங்களுக்குச் சொன்ன பதிலை, எழுதிக் கொடுத்ததை. எல்லாவற்றையும் அந்த ஒரு குடம் நிறைவதற்குள் சொல்லிவிட்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நிறையாத மற்றக் குடங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். "நீங்க புடிங்க்கா" என்று அடுத்த வீட்டம்மாவுக்கு வழிவிட்டாள். பத்து நாள் காத்திருந்த தண்ணீரை விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது என் வாசலுக்கு வந்தாள்.

"அவரு கேக்கறப்ப நீ எங்க நின்ன?"

"ஜன்னலோரம்க்கா."

"உன்னையத் திரும்பிப் பாத்தாரா?"

"இல்லக்கா."

"நீ சொன்னா அவரு திரும்பிப் பாக்க மாட்டாரு" என்றாள். அப்புறம், "எழுதிக் குடுத்தத மாத்தி எழுதிக் குடு. அதுக்கப்பறம் எங்கூட்டுப் படியேறு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அந்த ஆய்வாளர் ஆபீஸுக்கு இரண்டு தடவை போய் வாசலோடு திரும்பிவிட்டேன். ஜெயில் என்ற சொல் மண்டைக்குள் சுற்றியது. மூன்றாவது தடவை உள்ளே போனேன். உங்கள்மேல் தப்பு இல்லை, நான் பார்க்காமல் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "கூப்பிடுவோம், வரணும்" என்று மட்டும் சொன்னார். இன்னும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் எனக்கு உயிர் போய் வருகிறது.

மேனேஜர், "உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றார். முதலாளி சத்தம் போடவில்லை.

"பழையபடி இரும்புத்தூளுக்கே போயிரலாம் தம்பி. மண்ணு வந்தா வந்துட்டுப் போவுது. ஆளுக்குப் பயமில்ல."

எனக்கு அதுதான் சௌகரியம். அந்தக் கறுப்புத் தூளின் பக்கமே போகவேண்டாம். சரிங்க என்று சொல்லியிருந்தால் அன்றே என் பயம் பாதி தீர்ந்திருக்கும். ஆனால் அந்தத் துரு நிறம் உங்கள் நகக்கண்ணில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"அந்தத் தோட்டத்தம்மா கெணறு இன்னும் தெளியலீங்க" என்றேன். "கேட்டலிஸ்ட் மேல தப்பில்லீங்க. அது காயக்கூடாதுன்னு நமக்கு மொதல் நாளே தெரியும். தொறக்கறவரு கண்ணுக்கு நேரா, உள்ள பாக்கற மாதிரி ஒரு கண்ணாடி வெச்சுக் குடுங்க. கீழ இன்னொரு வால்வு போடுங்க. ஒருத்தர் வாயை நம்பி இன்னொருத்தர் தொறக்கற மாதிரி மெசின் இருக்கக்கூடாதுங்க."

"நீ இருப்பியா?" என்று கேட்டார்.

"நீங்க போகச் சொல்ற வரைக்கும் இருக்கறனுங்க."

"கேஸ் வந்தா எனக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம். தெரியுமல்ல?"

"தெரியுமுங்க."

கண்ணாடி வைத்துவிட்டார்கள் மச்சான். உள்ளே விளக்குப் போட்டால் தண்ணீர் தளும்புவது மேலே நிற்கிறவருக்கே தெரிகிறது. போன வாரம் முதல் பேட்ச் ஓடியது. திலீப் தானே பார்த்தார், தானே திறந்தார். தூள் சேறு மாதிரி ஈரமாக வந்தது. கழுவித் தண்ணீருக்குள் வைத்தோம். அவர் பாட்டுப் பாடிக்கொண்டே கை கழுவினார். நான் ஒரு மணி நேரத்துக்குள் நாலு தடவை போய் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தேன். இந்தப் பயம் இனி நிற்காது என்றுதான் நினைக்கிறேன். நிற்காமலே வேலை செய்யப் பழகவேண்டும்.

அக்கா என்னைப் படியேறவிட்டாள். தட்டில் சோறு போட்டாள். "கண்ணு" என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள். இனி கூப்பிடுவாளா?

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. நிவேதா இப்போது நாலாவது படிக்கிறாள். ஸ்கூல் விட்டதும் என் வீட்டுக்கு ஓடிவந்து கணக்குப் போடுகிறாள். "அப்பா எப்படி மாமா செத்தாரு?" என்று போன மாதம் கேட்டாள். "தீப்புடிச்சுருச்சு சாமி" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். சொன்னது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. நாளைக்கு அவளுக்குச் சீர் செய்யவேண்டியவன் நான். மாலை எடுத்துப் போடவேண்டிய மாமன் நான். அந்தச் சபையில் நிற்க எனக்கு என்ன யோக்கியதை?

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மச்சான். அவளுக்குப் புரிகிற வயது வந்ததும், வேறு யாரும் சொல்வதற்கு முன்னால், நானே என் வாயால் சொல்வேன். அக்காவை அனுப்ப மாட்டேன், இந்தக் காகிதத்தை நீட்ட மாட்டேன். எதிரே உட்கார்ந்து, அவள் கண்ணைப் பார்த்துச் சொல்வேன். அதற்கப்புறம் அவள் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாளோ, அதற்குத் திரும்பிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்,
நிவேதா சம்மதிக்கிற வரைக்கும் அவளுக்கு மாமன்,
பூபதி